மேட்டை எடு

"சாட்சின்னா இப்படி இருக்கணும் மேடம்," என்றான் வாய்தா. "எத்தனை தடவை குறுக்கு விசாரணை பண்ணாலும் சொன்னதையே சொல்லுது. நான் டைப் அடிச்ச கேஸ்ல இவ்வளவு பிடிவாதமான சாட்சி ஒண்ணு கூடக் கிடையாது."

அவன் சாட்சி என்று சொன்னது ஒரு பழைய வேனை. காவல் நிலையத்தின் பின்முற்றத்தில், சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் முட்டுக் கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் இருக்கையில் இருந்த எல்போர்டு கிளட்சை மிதித்து முதல் கியர் போட்டாள். சத்தமில்லாமல் விழுந்தது. ரிவர்ஸ் போட்டாள். அதுவும் விழுந்தது.

விழக் கூடாது என்று அவள் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டிருந்தாள்.

எல்போர்டு என்பது பெற்றோர் வைத்த பெயர் இல்லை. துப்பறியும் தொழிலுக்கு வருவதற்கு முன் டிரைவிங் ஸ்கூல் நடத்தியவள். தொழில் மாறியது, பட்டப்பெயர் மாறவில்லை. வாய்தாவும் அப்படித்தான். கோர்ட்டில் டைப்பிஸ்டாக இருந்த காலத்தில் அவன் விரல்கள் அதிகமாக அடித்த சொல் அது. அவளிடம் உதவியாளனாகச் சேர்ந்தபோது அந்தச் சொல்லையும் கூடவே கொண்டுவந்துவிட்டான். எந்த வேலையைக் கொடுத்தாலும் முதலில் நாளைக்கு என்பான்.

"மேடம், கேஸை முடிச்சாச்சு. அறிக்கையும் குடுத்தாச்சு. போலீஸும் ஆளை உள்ள வெச்சாச்சு. முடிஞ்ச கேஸுக்கு யாராவது திரும்ப வந்து வாசல் பெருக்குவாங்களா?"

"எனக்குத் தூக்கம் வரலை."

"எனக்கு வருது. அதனாலதான் கேக்கறேன்."

அவள் சிரிக்கவில்லை. தூக்கம் வராததற்குக் காரணம் இருந்தது.

அந்த வேன் ஒரு சலவைக் கடையுடையது. கடையை நடத்துபவர் அண்ணன். வேன் ஓட்டுபவன் தம்பி. கடையின் பின்வாசலுக்கு ஏறிப் போக ஒரு சின்ன மேடு உண்டு. போன வாரம் ஒரு காலையில் வேன் அந்த மேட்டடியில் நின்றது. அண்ணன் வேனுக்கு முன்னால், சுவரை ஒட்டி நின்றார். எஞ்சின் அணைந்திருந்தது. தம்பி முதல் கியரில் வைத்துவிட்டுச் சாவியைத் திருப்பினான். வேன் பாய்ந்தது. சுவருக்கும் வேனுக்கும் நடுவில் அண்ணனின் இடுப்பெலும்பு நொறுங்கியது. உயிர் தப்பியது. இனி நடப்பாரா என்பதை டாக்டர்களால் சொல்ல முடியவில்லை.

தம்பி சொன்னது ஒன்றுதான். கொஞ்ச நாளாகவே எஞ்சின் ஓடும்போது கியர் விழமாட்டேன் என்கிறது, உறுமுகிறது. அதனால் அணைத்துவிட்டுக் கியர் போட்டு, கிளட்சை மிதித்துக்கொண்டே ஸ்டார்ட் செய்வது வழக்கமாகிவிட்டது. அன்றும் கிளட்சை முழுசாகத்தான் மிதித்திருந்தான்.

போலீஸ் ஒரு மெக்கானிக்கை அழைத்து வந்து காட்டியது. கியர் ஒழுங்காக விழுந்தது. அதற்குப் பிறகுதான் அண்ணனின் மனைவி எல்போர்டைத் தேடி வந்தாள். "என் கொழுந்தன் வேணும்னு பண்ணானா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க. எனக்கு ராத்திரி பகல் தெரியலை."

எல்போர்டு வேனை ஓட்டிப் பார்த்தாள். கேபிளைப் பார்த்தாள், கியர் ராடைப் பார்த்தாள், அடியில் குனிந்து எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்று பார்த்தாள். கிளட்ச் சற்றுத் தாழ்வாகப் பிடித்தது. பழைய வண்டியில் அது சகஜம். கியர் சிக்கலில்லாமல் விழுகிறது, ஆகவே முன்னால் ஆள் நிற்கும்போது கியரில் வைத்துச் சாவியைத் திருப்ப ஒரு காரணமும் இல்லை என்று எழுதிக் கொடுத்தாள். அன்று காலை அண்ணனுக்கும் தம்பிக்கும் பெரிய வாக்குவாதம் நடந்திருந்தது. தம்பி தனியாகப் போய்விடுவதாகச் சொல்லியிருந்தான். இரண்டையும் சேர்த்துப் பார்த்த இன்ஸ்பெக்டர் தம்பியைப் பிடித்து உள்ளே வைத்தார்.

அழைத்துப் போகும்போது அவன் எதிர்த்துப் பேசுவான் என்று எல்போர்டு எதிர்பார்த்தாள். அவன் பேசவில்லை. தன் இடது காலையே குனிந்து பார்த்துக்கொண்டு நடந்தான், அது வேறு யாருடைய காலோ என்பதுபோல. பொய் சொல்கிறவன் அப்படி நடக்கமாட்டான். அந்த நடைதான் அவளைத் தூங்கவிடவில்லை.

"சாட்சிகள்ல யாராவது ஏதாவது புதுசா சொன்னாங்களா?"

"ஒரே சாட்சி, இஸ்திரி போடற அம்மா. ஜன்னல் பக்கமா நின்னாங்க. மெஷின் சத்தத்துல வேற ஒண்ணும் கேக்கலையாம். அண்ணன் கத்தினது மட்டும் கேட்டிருக்கு. 'மேட்ட எடுடா, மேட்ட எடுடா'ன்னு. அப்புறம் டமால்." வாய்தா தோளைக் குலுக்கினான். "மேட்டுல ஏத்தச் சொல்லியிருக்கார். தம்பி அவர் மேலயே ஏத்திட்டான்."

எல்போர்டு இறங்கினாள். "நீ ஏறி உட்காரு. நான் வெளியே நின்னு கேக்கறேன். நான் சொல்லச் சொல்லக் கியரை மாத்து."

"எனக்கு லைசென்ஸ் இருக்கா இல்லையான்னு போலீஸ் ஸ்டேஷனுக்குள்ள வெச்சு முடிவு பண்ண வேண்டாமே மேடம்."

"வண்டி நகராது. கல்லு வெச்சிருக்கு. ஏறு."

ஏறினான். அந்த ரக வேனில் எஞ்சின் ஓட்டுநரின் இருக்கைக்குக் கீழேதான் இருக்கும். வெகு நேரமாக ஓடிக்கொண்டிருந்ததால் தகரத் தரை கொதித்தது. வாய்தா வழக்கம்போல ரப்பர் செருப்பில் வந்திருந்தான். கியர் போட்டான், எடுத்தான், போட்டான். ஒவ்வொரு தடவையும் ஒழுங்காக விழுந்தது. எல்போர்டு ஜன்னலுக்கு வெளியே கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். குறை சொல்ல எதுவும் இல்லை. தன் அறிக்கை சரிதான் என்று நினைக்க நினைக்க நெஞ்சு கனத்தது.

"ரிவர்ஸ்."

"இருங்க மேடம், ஒரு நிமிஷம். கால் வேகுது."

உள்ளே ஏதோ கசங்கும் ஓசை. பிறகு கர்ர்ரென்று வேன் முழுதும் அதிர்ந்தது. பல்லோடு பல் அரைபடும் சத்தம். எல்போர்டு கண்ணைத் திறந்தாள்.

"திரும்பப் போடு."

மறுபடியும் கர்ர்ர். கியர் விழவில்லை.

"என்ன பண்ணினே?"

"நான் ஒண்ணும் பண்ணலை மேடம். இதே வாக்கியத்தை ஆயிரம் பேருக்காக டைப் அடிச்சிருக்கேன். சொல்லும்போது எப்படி இருக்கும்னு இப்பதான் தெரியுது."

அவள் கதவைத் திறந்து குனிந்தாள். வாய்தா தோளில் எப்போதும் ஒரு துண்டு கிடக்கும். அதை நான்காக மடித்துக் காலுக்கடியில் போட்டிருந்தான். அதன் விளிம்பு சுருண்டு கிளட்ச் பெடலுக்குக் கீழே நுழைந்திருந்தது.

துண்டை உருவினாள். "இப்ப போடு." கியர் அமைதியாக விழுந்தது. துண்டைத் திரும்ப வைத்தாள். உறுமியது.

"அணை. ஃபர்ஸ்ட் போடு. கிளட்சை மிதிச்சுட்டே ஸ்டார்ட் பண்ணு."

"துண்டோடயா?"

"துண்டோட."

சாவி திரும்பியது. வேன் முன்னால் துள்ளிக் கல்லில் மோதி, ஒரு குலுக்கலோடு அணைந்தது. வாய்தாவின் இரண்டு கைகளும் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்திருந்தன. "மேடம், சத்தியமா நான் முழுசாத்தான் மிதிச்சிருந்தேன்," என்றான் மெல்ல.

இதே வார்த்தையைத்தான் அந்தத் தம்பியும் சொன்னான். அதைக் கேட்டு அவள் தலையாட்டினாள், பிறகு போய் எதிராக எழுதினாள்.

"மிதிச்சா எஞ்சினும் கியரும் முழுசாப் பிரியணும்," என்றாள், தனக்குத்தானே சொல்வதுபோல. "இந்த வண்டியில பெடல் தரையைத் தொட்டாத்தான் பிரியுது. அடியில ரெண்டு விரல் கனத்துக்கு எது கிடந்தாலும் பாதிதான் பிரியும். மிதிக்கிறவனுக்கு முழுசா மிதிச்ச மாதிரியே இருக்கும்."

டார்ச்சை அடித்துத் தரையைப் பார்த்தாள். ஓரங்களில் மண்ணும் சலவைத் தூளும் சேர்ந்து இறுகியிருந்தன. பெடல்களுக்கு முன்னால் மட்டும் நீள்சதுரமாகப் பச்சைப் பெயின்ட் சுத்தமாகத் தெரிந்தது. முதல் தடவையும் அதைப் பார்த்திருந்தாள். சுத்தமான இடத்தில் என்ன பார்க்க இருக்கிறது என்று விட்டுவிட்டாள்.

"இங்க ஏதோ கிடந்திருக்கு. அதை யாரோ எடுத்திருக்காங்க."

"கொலைகாரன் தடயத்தை மறைச்சுட்டான்னு சொல்லுங்க. துண்டை நான் மறைச்சு வெச்சுக்கறேன்."

"போலீஸ் கூப்பிட்டு முதல்ல இந்த வண்டியில ஏறினது யாரு?"

"மெக்கானிக்."

மெக்கானிக்கின் பட்டறைக்குள் நுழைந்தால் செருப்பைக் கழற்றிவிடத் தோன்றும். ஸ்பேனர்கள் அளவு வாரியாகச் சுவரில் தொங்கின. தரையில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. அவர் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். துடைப்பதற்குக் கையில் அழுக்கே இல்லை.

"அந்த கேஸா? நான் அன்னைக்கே சொல்லிட்டேன்மா. கிளட்ச்ல ஒரு குறையும் இல்லை."

"அதுக்கு முன்னாடி தம்பி உங்ககிட்ட வண்டியைக் கொண்டுவந்திருக்கானா?"

"அதை ஏன் கேக்கறீங்க. சும்மா சும்மா வருவான். கியர் விழலைம்பான். நான் ஏறி ஓட்டிப் பார்த்தா ஜம்முனு விழும். வண்டிக்கு ஒண்ணுமில்லைப்பா, உனக்குத்தான் கால் சரியில்லைன்னு சொல்லி அனுப்புவேன்."

"நீங்க ஏறினதும் முதல்ல என்ன பண்ணுவீங்க?"

அவருக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. "என் பழக்கமே வேற. கண்ட அழுக்குல கால் வைக்க மாட்டேன். எந்த வண்டியா இருந்தாலும் முதல் வேலை மேட்ட எடுத்து வெளிய போடறதுதான். வேலை முடிஞ்சதும் திரும்பப் போட்டுடுவேன்."

வாய்தா எல்போர்டைப் பார்த்தான். அவள் அசையாமல் நின்றாள்.

"என்ன சொன்னீங்க? அதை இன்னொரு தடவை சொல்லுங்க."

"மேட்ட எடுத்து..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். ஒவ்வொரு தடவையும் மேட்டை எடுத்துவிட்டுத்தான் வண்டியைச் சோதித்தோம் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. கையிலிருந்த துணி கீழே விழுந்தது. அதை அவர் குனிந்து எடுக்கவில்லை.

"அந்த மேட்டு எப்படிப்பட்டது?" என்றாள் எல்போர்டு.

"பழைய கம்பளியை மடிச்சு மடிச்சுத் தைச்சது. நல்ல கனம்." குரல் இறங்கிப் போயிருந்தது. "அவன் அண்ணி தைச்சுக் குடுத்ததும்மா. கால் சுடுதுன்னு சொல்லியிருக்கான். அது வந்தப்புறம்தான் அவன் கியர் விழலைன்னு வர ஆரம்பிச்சான். நான் யோசிக்கலையே."

"பெடல் ஏன் அவ்வளவு தாழ்வாப் பிடிக்குது?"

"கேபிள் இழுத்துப் போச்சு. நட்டைத் திருகித் திருகிக் கடைசி மரைக்கு வந்தாச்சு. இனிமே திருக இடமில்லை. புதுக் கேபிள் போட்டா அந்த மேட்டோடயே ஜோரா ஓடும். அரைநாள் வேலை. அண்ணன்கிட்ட சொன்னேன். வண்டி நின்னா துணி தேங்கிடும், அடுத்த வாரம் பார்க்கலாம்னார்." கீழே கிடந்த துணியைப் பார்த்தார். "நானும் கேபிள் போடாம வண்டியை வெளிய விட்டிருக்கக் கூடாது."

"மேட்டு இப்ப எங்க?"

"போலீஸ்ல வண்டியைப் பார்க்கும்போது எடுத்தேன். திரும்பப் போடறதுக்குள்ள வண்டியைப் பூட்டிட்டாங்க. அந்தம்மா பொருள்தானேன்னு அவங்ககிட்டயே குடுத்துட்டேன்."

வெளியே வந்ததும் வாய்தா சொன்னான். "மேட்ட எடுடா. சுவத்துப் பக்கத்து மேடு இல்லை மேடம். காலடியில இருந்த மேட்டு, மிதியடி."

"ஆமா."

"அப்படின்னா அண்ணனுக்குத் தெரிஞ்சிருக்கு. வண்டி ஏன் உறுமுதுன்னு தெரிஞ்சேதான் கத்தியிருக்கார். தெரிஞ்சும் இத்தனை நாளா வாயைத் திறக்கலை. தம்பி உள்ள இருக்கான்."

எல்போர்டு நடையை எட்டிப் போட்டாள்.

ஆஸ்பத்திரியில் அண்ணனின் மனைவி கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். ஜில்லென்ற தரைக்குத் தடுப்பாகக் கனமாக எதையோ மடித்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். சாம்பல் நிறக் கம்பளி. ஓரமெல்லாம் நெருக்கமான தையல். கால் படும் இடத்தில் தையல் இரட்டையாக ஓடியிருந்தது. எல்போர்டு அதிலிருந்து பார்வையைச் சிரமப்பட்டு எடுத்தாள்.

"ஏதாவது மருந்து வாங்கணுமா?"

"சீட்டு குடுத்திருக்காங்க. இவரை விட்டுட்டு எப்படிப் போறதுன்னு பார்த்துட்டிருந்தேன்."

"நான் இருக்கேன். என் உதவியாளர் உங்க கூட வருவார்."

அவளும் வாய்தாவும் போனார்கள். அண்ணன் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். இடுப்புக்குக் கீழே கம்பியும் எடைக்கல்லுமாகக் கட்டியிருந்தார்கள்.

"நீங்க எந்த மேட்ட எடுக்கச் சொன்னீங்க?"

அவர் கண் கூரையிலிருந்து இறங்கிக் கதவுக்குப் போனது. "அவ திரும்பி வர நேரமாகுமா?"

"என் ஆளோட போயிருக்காங்க. அவன் கூடப் போனா எதுவும் சீக்கிரம் நடக்காது."

அவர் கண் திரும்பவும் கூரைக்குப் போனது.

"அதுக்கு முதல் நாள் வண்டியை நான்தான் எடுத்துட்டுப் போனேன். சந்தையில வெச்சு உறுமுச்சு. குனிஞ்சு பார்த்தா அவ தைச்ச மேட்டு சுருண்டு பெடலுக்கடியில போயிருந்துச்சு. இழுத்து விட்டுட்டு ஓட்டினேன். வீட்டுக்கு வந்ததும் அவன்கிட்ட சொல்லணும்னு நினைச்சேன். வந்தா அவன் தனியாப் போறேன்னு ஆரம்பிச்சான். அதோட பேச்சு நின்னுபோச்சு."

"காலையில?"

"காலையிலயும் சண்டை. அப்புறம் வண்டியை எடுத்தான். கியரை வெச்சு அறைஞ்சுட்டிருந்தான். எனக்கு ஆத்திரம். கிளட்சுக்குக் கீழ மேட்டு கிடக்குதுடா, அதை எடுத்துட்டு மிதின்னு சொல்லியிருந்தா என்ன? மூஞ்சியைப் பார்த்துப் பேசப் பிடிக்காம ரெண்டே வார்த்தை கத்தினேன். அவன் மேட்டுல ஏத்தச் சொல்றேன்னு நினைச்சுட்டான். சீக்கிரமா ஏத்தணுமேன்னு அணைச்சுட்டுக் கியரைப் போட்டுச் சாவியைத் திருப்பிட்டான். அவன் அணைச்சதும், மேட்டைத்தான் எடுக்கப் போறான்னு நினைச்சு நான் முன்னாடி நகர்ந்தேன்."

"இதைப் போலீஸ்ல ஏன் சொல்லலை?"

"சொன்னா இவளுக்குத் தெரிஞ்சுடுமே." அவர் மறுபடி கதவைப் பார்த்தார். "அவனுக்குக் கால் சுடுதேன்னு ராத்திரி உட்கார்ந்து தைச்சா. அவனை இவதான் வளர்த்தா. இனிமே நான் நடக்க மாட்டேன், அதுக்கு அவ தைச்சதுதான் காரணம்னு எப்படி இவகிட்ட சொல்றது? தம்பிக்கு எப்படியும் ஒரு நாள் ஜாமீன் கிடைச்சுடும். இவளுக்கு யாரும்மா ஜாமீன் குடுப்பா?"

எல்போர்டால் கோபப்பட முடியவில்லை. கோபப்பட அவளுக்கு யோக்கியதை இருக்கிறதா என்றும் தெரியவில்லை. மேட்டு இல்லாத வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு, மேட்டோடு ஓட்டியவனைக் குற்றவாளி என்று எழுதியவள் அவள்.

"நீங்க ஒண்ணு தெரிஞ்சுக்கணும்," என்றாள். "அவன் வேணும்னு பண்ணலைன்னு உங்களுக்குத் தெரியும். இப்ப எனக்கும் தெரியும். அவனுக்குத் தெரியாது."

"புரியலை."

"உங்க மேல இருந்த ஆத்திரத்துல கால் தானா தளர்ந்துடுச்சோன்னு நினைச்சுட்டிருக்கான். அழைச்சுட்டுப் போகும்போது தன் இடது காலையே பார்த்துட்டு நடந்தான், தன்னையே சந்தேகப்படறான். கோர்ட்ல கேட்டா ஆமான்னு சொன்னாலும் சொல்லிடுவான். நான் எழுதிக் குடுத்ததைப் படிச்சப்புறம் அவனுக்கு வேற எதை நம்பறதுன்னும் தெரியலை."

அண்ணன் கையை உயர்த்தி முகத்தை மூடிக்கொண்டார். அவர் அழுகிறபோது காலில் கட்டிய எடைக்கல் லேசாக ஆடியது. வலித்திருக்கும். அவர் அழுகையை அடக்கப் பார்க்கவில்லை.

"நான் சொல்லட்டுமா, நீங்க சொல்றீங்களா?"

"நானே சொல்றேன். நீங்க இங்கயே இருங்க."

மருந்துப் பையோடு மனைவி உள்ளே வந்தாள். பின்னால் வந்த வாய்தா எல்போர்டின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கதவோரமாக நின்றுகொண்டான். அண்ணன் சொன்னார். சுற்றி வளைக்காமல், கேபிளை மாற்றாமல் தள்ளிப்போட்டதிலிருந்து தொடங்கி, தான் கத்தியது வரைக்கும் சொன்னார். மேட்டைப் பற்றிக் கடைசியில்தான் சொன்னார். "நீ தைச்சது மட்டும்தான் நல்ல எண்ணத்துல நடந்தது. மத்ததெல்லாம் என் தப்பு."

அவள் தரையில் கிடந்த கம்பளியைப் பார்த்தாள். அதன்மேல் இத்தனை நாள் உட்கார்ந்திருந்ததை நினைத்தாளோ என்னவோ, ஓரடி பின்வாங்கினாள். எல்போர்டு அவள் விழுந்துவிடப் போகிறாள் என்று கையை நீட்டினாள். அவள் விழவில்லை.

"இதை எனக்குத் தெரியாம வெச்சுக்கத்தான் அவனை உள்ள இருக்க விட்டீங்களா?"

"உன்னால தாங்க முடியாதுன்னு நினைச்சேன்."

"தைச்சது தெரியாம நடந்தது. அழுது தீர்த்துக்குவேன்." அவள் குரல் ஒரே சீராக இருந்தது. கேட்க அதுதான் பயமாக இருந்தது. "அன்னைக்குச் சண்டை நடந்ததைப் போலீஸ்ல போய்ச் சொன்னது யாரு தெரியுமா? நான்தான். அவன் கண்ணுல கொலைவெறி இருந்துச்சுன்னு சொன்னேன். நான் தூக்கி வளர்த்தவனை அப்படிச் சொன்னேன். இவங்களைத் தேடிப் போனதும் நான்தான். அதெல்லாம் தெரிஞ்சு பண்ணினது. அதை எங்க கொண்டுபோய் மறைப்பீங்க?"

இத்தனை நாளாக அண்ணன் தன் மனைவியை ஒரு குற்றத்திலிருந்து காப்பாற்றிக்கொண்டிருந்தார். அவள் அதற்குள் வேறொன்றைச் சுமந்துகொண்டிருந்தாள். அது அவருக்குத் தெரியாது.

மருந்துப் பையைக் கீழே வைக்காமலே அவள் குனிந்து கம்பளி மேட்டைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். "வாங்க," என்றாள் எல்போர்டிடம். "இது வேணுமில்ல, காட்டறதுக்கு?"

இன்ஸ்பெக்டர் முதலில் நம்பவில்லை. மேட்டைத் தரையில் விரித்து, அவரையே ஏறி மிதிக்கச் சொன்னாள் எல்போர்டு. வேன் உறுமியது. மேட்டை எடுத்தார்கள், கியர் விழுந்தது. அவர் அதைத் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார். அண்ணனின் வாக்குமூலத்தை வாங்கிவர ஆள் அனுப்பினார். எல்போர்டு தன் பழைய அறிக்கை தவறு என்று தன் கைப்பட எழுதிக் கொடுத்தாள். வாய்தா தானே டைப் அடித்துத் தருவதாகச் சொன்னான். அவள் கேட்கவில்லை. அந்தத் தாளைப் படித்துப் பார்த்து இன்ஸ்பெக்டர் சொன்னார், "நீங்க இவ்வளவு கடுமையா எழுதியிருக்க வேண்டாம்."

"போன தடவை எழுதினது இதைவிடக் கடுமை சார்."

எல்லாம் முடிந்து, தம்பியை விட இன்ஸ்பெக்டர் ஒப்புக்கொள்ள மத்தியானம் ஆகிவிட்டது. தம்பியைப் பார்க்க எல்போர்டுதான் முதலில் போனாள். அண்ணி வாசலிலேயே நின்றுவிட்டாள். "நீங்க சொல்லிடுங்க. என் மூஞ்சியைப் பார்த்துட்டே அவன் இதைக் கேக்க வேண்டாம்."

அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். முகத்தில் ஒரு வாரத் தாடி இருந்தது. அவள் எதிரே உட்கார்ந்து, கேபிளையும் பெடலையும் மேட்டையும் ஒன்றொன்றாக எடுத்துச் சொன்னாள். அண்ணன் கத்தியது என்ன என்பதையும் சொன்னாள். அவன் குறுக்கே பேசாமல் கேட்டான்.

"அப்ப நான் வேணும்னு பண்ணலையா?"

"இல்லை."

"நிச்சயமாவா?"

"வண்டியைச் சோதிச்சுப் பார்த்துட்டுத்தான் சொல்றேன். நீங்க சொன்னது முழுசும் உண்மை. நான்தான் தப்பா எழுதினேன். மன்னிச்சுக்குங்கன்னு கேக்கக்கூட எனக்கு வாய் வரலை."

அவன் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. "ஆனா மேடம், அன்னைக்குக் காலையில இந்த ஆள் ஒழிஞ்சாத்தான் எனக்கு விடியும்னு நினைச்சேன். மனசுக்குள்ள சொன்னேன். சொல்லி முடிச்சுக் கொஞ்ச நேரத்துல அது நடந்துச்சு."

"நினைச்சது வேற, நடந்தது வேற."

"வேறதானா?"

எல்போர்டு வாயைத் திறந்தாள். ஆறுதலாகச் சொல்ல எத்தனையோ வார்த்தைகள் வந்தன. இந்தக் கேஸில் தெரியாததைத் தெரிந்ததுபோல ஏற்கெனவே ஒரு தடவை சொல்லியாகிவிட்டது. "எனக்குத் தெரியலைங்க," என்றாள். "கிளட்சைப் பத்தித்தான் எனக்குச் சொல்லத் தெரியும்."

அவன் தலையாட்டினான். ஏனோ அந்தப் பதில் அவனுக்குப் போதுமாக இருந்ததுபோலத் தோன்றியது. எழுந்து வெளியே வந்தான்.

வாசலில் அண்ணி நின்றாள். அவனைப் பார்த்ததும் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாள். அவன் பதறிப்போய் அந்தக் கைகளைப் பிடித்துக் கீழே இறக்கினான்.

"என்ன அண்ணி இது."

"நான் போலீஸ்ல சொன்னது உனக்குத் தெரியுமா?"

"தெரியும். படிச்சுக் காட்டினாங்க." அவன் வேறு பக்கம் பார்த்தான். "நீங்க சொன்னதுல பொய் ஒண்ணுமில்லை அண்ணி."

அவள் அப்போதுதான் அழுதாள். அவன் பக்கத்தில் நின்றான், என்ன செய்வது என்று தெரியாமல். தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்கள். வாய்தா தன் துண்டை எடுத்து நீட்டினான். அவள் வாங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அவர் உன்னைப் பார்க்கணும்னு கேட்டார்," என்றாள்.

அவன் தெருமுனையைப் பார்த்தான்.

"ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வரேன் அண்ணி. உள்ள வரச் சொல்லாதீங்க. இன்னைக்கு வேண்டாம்."

"சரி. வாசல் வரைக்கும் வா."

அண்ணி முன்னால் நடந்தாள். ஓரடி பின்னால் அவன் நடந்தான். தெருமுனைக்குப் போகும்போது அவன் வேகத்தைக் கொஞ்சம் கூட்டி, அவள் கையிலிருந்த மருந்துப் பையை வாங்கிக்கொண்டான்.